பாராட்டுரையும் ஆய்வுரையும்: மட்டக்களப்பைப் பயின்ற பிறநாட்டார்

பிறநாட்டார் ஒருவர் மற்றொரு நாட்டின் மொழியையும் பண்பாட்டையும் பல்கலைக்கழக நெறிநின்று பயிலுமிடத்து, அப்பயிற்சியின் பயன் யாரைச் சென்றடைகின்றது என்பது எண்ணத்தக்கதொரு வினாவாகும். கம்போடியாவை ஈண்டு நோக்கலாம். பல்லவ எழுத்தின் வழிவந்த வரிவடிவிற் பொறிக்கப்பட்ட அந்நாட்டுக் கல்வெட்டுக்களைப் பிரெஞ்சு அறிஞர் யோர்ஜ் செதேஸ் 1937 முதல் 1966 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார். அரும்பணி அது, ஆயினும் அதன் மொழி பிரெஞ்சு. தன் முன்னோர் கல்லில் எழுதியதன் பொருளை அத்தொகுதிகளில் அறிய விழைந்த கெமர் மாணவன் முதலிற் பிரெஞ்சினைக் கற்க வேண்டியவனானான். மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நமது நிலை இதனின்றும் பெரிதும் வேறுபட்டதன்று.

செக் நாட்டறிஞர் கமில் சுவெலபில், இலங்கைத் தமிழ் பற்றி 1966 இல் எழுதிய கட்டுரையில், பேச்சுத் தமிழ் வகைகள் யாவற்றினுள்ளும் மட்டக்களப்புத் தமிழே இலக்கிய வழக்கிற்கு மிக அணுக்கமானது என்னுங் கருத்தினை வெளியிட்டார். இக்கூற்று இன்று நம் மேடைகளிற் பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. இவ்வழக்கிலே தோன்றிய புதுமைகளையும் அவரே சுட்டியுள்ளார்; அதனை எவரும் மேடையில் எடுத்துரைக்க யான் கேட்டதில்லை. அச்சான்றினைப் போற்றும் நாமே, 'மறுகா' என்று வாய்தவறிச் சொல்லிவிட்ட படுவான்கரை மாணவனைக் கண்டு வகுப்பறையில் நகைக்கின்றோம். நமக்கு வேண்டியிருந்தது அறிஞரின் பாராட்டேயன்றி ஆய்வன்று போலும்.

பாராட்டாக எடுத்தாள முடியாத நூலொன்றும் உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 முதல் 1971 வரை அக்கரைப்பற்றிலே தங்கிக் களஆய்வு செய்தார். 1974 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், பின்னரும் பலமுறை வந்து சென்று, 2008 இல் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வாயிலாக 'குருசிபிள் ஒவ் கொன்பிளிக்ற்' என்னும் பெருநூலை வெளியிட்டார். மோதலின் மூசை என அத்தலைப்பினைத் தமிழாக்கலாம்.

அந்நூலின் தலையாய சிறப்பு, தமிழரையும் முஸ்லிம்களையும் ஒரே சட்டகத்துள் வைத்து நோக்கியமையாகும். தாய்வழியாக வரும் குடி முறை இரு சமூகத்தாருக்கும் பொதுவானது. மகளுக்கே வீடு சேர்வதும் மருமகன் அவ்வீட்டிற்கு வருவதும் இரு சாராரிடத்தும் காணப்படுவன. கோயில் வண்ணக்கரும் பள்ளிவாசல் மரைக்காயரும் குடிவழி வந்த பொறுப்பினரே. 1990 ஆம் ஆண்டின் படுகொலைகளுக்குப் பின்னர் வளர்ந்த எம் தலைமுறையினருக்கு இவ்வொற்றுமை பாடநூலிற் கிட்டியதன்று. இரு தெருவிலும் இருந்து உணவருந்தக்கூடிய அந்நியருக்கு வாய்த்த பார்வை அது.

குறைகளும் உள. முதன்மையாக ஒரே நகரிற் செய்த களஆய்வு, வாவியின் மேற்கரை வயலூர்களுக்கும் மீனவர் குடியிருப்புக்களுக்கும் எவ்வளவு பொருந்தும் என்பதை நாமே சென்று ஒப்பிட்டறிதல் வேண்டும். எழுபதுகளிற் கண்ட வழக்கங்களைப் போருக்கும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்கும் பிற்பட்ட வாழ்வோடு பிரித்துணர்ந்து படித்தலும் இன்றியமையாதது. எனினும் இவை அவர் ஒருவரே தீர்க்கக்கூடிய குறைகளல்ல.

அந்நூலை யான் முதன்முறை புரட்டியபோது, ஆங்கில எழுத்தின் கீழே புள்ளியிட்டு எழுதப்பட்டிருந்த 'குடி' என்னுஞ் சொல்லை உடனே இனங்காண இயலவில்லை. விடுமுறையில் ஊர் சென்று அம்மம்மாவிடம் எமது குடி யாதென வினவினேன். அவர் அதனையும், அப்பப்பாவின் குடியையும், அயல்வீட்டார் ஐவரின் குடிகளையும் ஒரே மூச்சிற் கூறினார். "மறுகா என்னகா எழுதியிருக்கு?" என்று ஆவலோடு கேட்டார். சாதியைப் பற்றியும், பறை முழக்குவோரின் நிலை பற்றியும், கோயில் மரியாதையில் யார் எங்கே நிறுத்தப்பட்டனர் என்பது பற்றியும் எழுதியுள்ளார் என்றேன். "அதையும் எழுதிப்போட்டாரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் மௌனமானார்.

அம்மௌனமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். பிறநாட்டார் நம்மைப் பிழைபட உணர்ந்தனர் என்று கூறுதல் எளிது; சரியாக உணர்ந்த இடத்தை ஏற்றல் கடினம். வித்துவான் வீ. சீ. கந்தையா 1964 இல் 'மட்டக்களப்புத் தமிழக'த்தை நம் மொழியிலேயே நமக்குத் தந்தார். அந்நூலையும் மக்கில்வ்ரேயின் நூலையும் அருகருகே வைத்து, எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே மாறுபடுகின்றன, எதைப் பற்றி எது வாய்திறக்கவில்லை என்று தமிழில் எழுதுதல் கலைப்பீட மாணவர்க்கு எட்டாத செயலன்று. ஓர் அத்தியாயத்தையேனும் அம்மம்மாவிற்கு விளங்கும் தமிழிற் பெயர்த்து, அவர் மறுப்பதைக் குறித்துக்கொள்வோமாயின், அதுவே தக்க திறனாய்வாகும். நம்மைப் பயில அந்நியர் நம் மொழியைக் கற்றார். அவரை மறுப்பதற்கேனும் நாம் அவர் நூலை முற்றக் கற்றல் வேண்டும்.