செவிக்குரிய செப்பு: மாறும் வலைப்பக்கங்களும் திரைபடிப்பானும் (சிவகாசிப் பட்டாசு விலைப்பட்டியலை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

வலைப்பக்கம் முழுவதும் மீண்டும் ஏற்றப்படாமல் அதன் ஒரு பகுதி மட்டும் மாறுவது இன்று இயல்பாகிவிட்டது. அம்மாற்றத்தைக் கண்ணால் காண்போர் உடனே அறிவர்; திரைபடிப்பானின் துணையுடன் செவியால் படிப்போர்க்கு அது தானாகத் தெரிவதில்லை. இக்குறையை நீக்கும் தொழில்நுட்ப நெறிகள் உள்ளன. எனினும் அறிவிப்பாக ஒலிக்கும் தொடர் தமிழில் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அந்நெறிகள் வரையறுக்கவில்லை. இவ்விடைவெளியைச் சிவகாசி வட்டாரப் பட்டாசு விலைப்பட்டியல் பக்கங்களின் பொது வடிவத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திரைபடிப்பான், நிலை அறிவிப்பு, செப்பு, தொடரமைப்பு, கணித்தமிழ், சிவகாசி.

முன்னுரை

வினாவும் செப்பும் வழுவின்றி அமைய வேண்டும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம் வகுக்கும் நெறிகளுள் ஒன்று. வலைப்பக்கத்தில் ஒருவர் பொத்தானை அழுத்துவதும் கட்டத்தில் எண்ணை இடுவதும் ஒருவகை வினாவே. அதன் விளைவாகப் பக்கத்தில் நிகழும் மாற்றம் அவ்வினாவிற்குரிய செப்பு. அச்செப்பு நிறமாற்றமாகவும் திரையின் மூலையில் தோன்றும் எண்ணாகவும் மட்டுமே அமையுமாயின், பார்வையற்ற பயனரின் வினா விடையின்றி நிற்கிறது.

இச்சிக்கலை ஆராய விருதுநகர் மாவட்டம் பொருத்தமான களமாகும். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்று தொழில்களால் அறியப்படுவது சிவகாசி. நாட்காட்டியும் பெட்டிச் சிட்டையும் அச்சிட்டுக் கண்ணைக் கவரும் கலையில் தேர்ந்த ஊர் அது. அதே வட்டாரத்தில் பட்டாசு விபத்துகள் கையையும் முகத்தையும் கண்ணையும் சிதைத்திருக்கின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். மேலும் பலர் தீக்காயமுற்றனர். ஆகவே, பார்வையை இழந்தவர்க்கு இணையம் எவ்வாறு பேசுகிறது என்னும் வினா இம்மண்ணுக்கு அயலானதன்று.

தாளிலிருந்து திரைக்கு

பட்டாசு விலைப்பட்டியல் நெடுங்காலம் அச்சுத் தாளாகவே இருந்தது. வாங்குவோர் அதைக் கையில் வைத்துக்கொண்டு சரவெடி, புஸ்வாணம், சங்குச் சக்கரம், கம்பி மத்தாப்பு என ஒவ்வொன்றாகச் சொல்ல, கடைக்காரர் எழுதிக் கூட்டி மொத்தத்தை வாய்விட்டுச் சொல்வார். இருப்பு இல்லாததை இல்லை என்பார். தாள் மாறாது, மாற்றத்தை அறிவித்தது கடைக்காரரின் குரல்.

2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் பட்டாசுகளை இணையவழி விற்பதைத் தடைசெய்தது. எனினும் விலைப்பட்டியலைக் காட்டி, தேவையைக் குறித்து அனுப்பச் செய்யும் பக்கங்கள் வழக்கத்தில் உள்ளன. அவற்றின் சட்டத் தகுதி இக்கட்டுரையின் பொருளன்று. வடிவமே இங்கு நோக்கத்தக்கது. ஒரு நீண்ட அட்டவணை. ஒவ்வொரு வரிசையிலும் பொருளின் பெயர், அளவு, விலை, எண்ணிக்கைக்கான கட்டம், அதற்குரிய தொகை. பக்கத்தின் மேலோ கீழோ மொத்தத் தொகை. கட்டத்தில் எண்ணை இட்டதும் தொகையும் மொத்தமும் மாறுகின்றன. குறைந்தபட்சத் தொகையை எட்டும்வரை அனுப்பும் பொத்தான் மங்கியிருப்பதும் உண்டு.

திரைபடிப்பான் ஒரு நேரத்தில் ஓரிடத்தையே படிக்கும். எண்ணிக்கைக் கட்டத்தில் 5 என்று இட்டவர்க்கு ‘ஐந்து’ என்பது கேட்கும். மொத்தம் மாறியது கேட்காது. அதை அறிய அவர் நீண்ட அட்டவணையைக் கடந்து சென்று, பார்த்தபின் விட்ட வரிசையைத் தேடித் திரும்ப வேண்டும். பொத்தான் ஏன் மங்கியிருக்கிறது என்பதும் அவர்க்குத் தெரியாது. அச்சுத் தாள் திரைக்கு வந்தபோது கடையின் கண் வந்தது. கடைக்காரரின் வாய் வரவில்லை.

மாற்றம் செவிக்கு எட்டும் வழி

இவ்வாயை மீட்டுத் தரும் கருவி முன்பே உள்ளது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2014 மார்ச் 20 அன்று ஏரியா எனப்படும் விவரக்குறிப்பின் 1.0 பதிப்பைப் பரிந்துரையாக வெளியிட்டது. பக்கத்தின் ஒரு பகுதியை ‘ஏரியா-லைவ்’ என்னும் பண்பால் குறித்தால், பயனரின் கவனம் வேறிடத்தில் இருந்தாலும் அப்பகுதியில் நிகழும் மாற்றத்தைத் திரைபடிப்பான் ஒலிக்கும். ‘பொலைட்’ என்னும் மதிப்பு நிகழும் பேச்சு முடியும்வரை காத்திருக்கும். ‘அசெர்ட்டிவ்’ என்பது இடைமறித்துப் பேசும். 2018 ஜூன் 5 அன்று வெளிவந்த வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 2.1 பதிப்பு, 4.1.3 என்னும் விதியால் நிலை அறிவிப்புகளை இரட்டை ஏ நிலைக்குரிய தேவையாக்கியது.

இக்கருவியைக் கையாள்வதில் மூன்று நுட்பங்கள் இன்றியமையாதவை. முதலாவது, அறிவிப்புப் பகுதி பக்கம் திறக்கும்போதே வெறுமையாக இருத்தல் வேண்டும். செய்தியோடு சேர்த்து அப்பகுதியையும் புதிதாக நுழைத்தால் பல வேளைகளில் ஒலிப்பதில்லை. இரண்டாவது, ‘ஏரியா-அட்டாமிக்’ பண்பு இல்லாவிடில் மாறிய துண்டு மட்டுமே ஒலிக்கக்கூடும். ‘மொத்தம்’ என்னும் சொல்லின்றி எண் மட்டும் காதில் விழும். மூன்றாவது, 12 என்று இடுபவர் முதலில் 1 இடுகிறார். ஒவ்வோர் எழுத்துக்கும் மொத்தம் ஒலித்தால் பொய்யான தொகை ஒன்று முந்திக்கொள்ளும். தட்டச்சு ஓய்ந்தபின் சிறிது பொறுத்து ஒருமுறை அறிவித்தலே முறை.

எல்லாவற்றையும் இடைமறித்துச் சொன்னால் தவறாது கேட்குமே எனலாம். அது நேர்மாறாக முடியும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறுக்கிடும் பக்கம் பயனரைப் படிக்கவே விடாது. பிழை, காலக்கெடு முடிதல் போன்றவற்றுக்கே இடைமறிப்பு உரியது.

நெறி காணாத இடம்: தமிழ்த் தொடர்

மேற்கண்ட விதி, அறிவிப்பைத் திரைபடிப்பான் அடையாளம் காண இயலுமா என்று மட்டுமே கேட்கிறது. அறிவிப்பு எத்தகைய தொடர் என்று கேட்பதில்லை. தமிழைப் பொறுத்தவரை சிக்கலின் பாதி அங்கேதான் உள்ளது.

தமிழ்த் தொடரில் வினைமுற்று இயல்பாக இறுதியில் நிற்கும். காலமும் எதிர்மறையும் அம்முற்றிலேயே அமைகின்றன. ‘தாங்கள் குறித்த கம்பி மத்தாப்பு பட்டியலில் சேர்க்கப்பட்டது’, ‘தாங்கள் குறித்த கம்பி மத்தாப்பு பட்டியலில் சேர்க்கப்படவில்லை’ என்னும் இரு தொடர்களும் ‘சேர்க்கப்ப’ என்பதுவரை ஒன்றே. அடுத்த விசையை அழுத்தியதும் ஒலித்துக்கொண்டிருக்கும் பேச்சு அறுபடுவது திரைபடிப்பான்களின் பொதுவான இயல்பு. விரைந்து செயற்படும் பயனர் தொடரின் இறுதியைக் கேளாமலே நகர்ந்துவிடுவார். ஆங்கிலத்தில் எதிர்மறை தொடரின் முற்பகுதியிலேயே வந்துவிடுவதால் இவ்விடர் அங்கு குறைவு. ஆங்கில அறிவிப்பை அப்படியே தமிழாக்கும் பக்கம், செய்தியின் உயிரை அறுபடும் இடத்தில் வைத்துவிடுகிறது.

இரண்டாவது சிக்கல் வேற்றுமை உருபு சார்ந்தது. நிரல் எழுதுவோர் ஊர்ப்பெயரை மாறியாக வைத்து அதன்பின் ‘க்கு’ என்று ஒட்டுகின்றனர். சிவகாசிக்கு, அருப்புக்கோட்டைக்கு என்பன இயல்பாக அமைகின்றன. திருத்தங்கல், இராசபாளையம் என்பன வரும்போது ‘திருத்தங்கல்க்கு’, ‘இராசபாளையம்க்கு’ என வழுவாகின்றன. சாரியையும் திரிபும் அறியாத நிரல் திருத்தங்கலுக்கு, இராசபாளையத்திற்கு என்னும் வடிவங்களை ஆக்காது. கண் இவ்வழுவைத் தாண்டிப் படித்துவிடும். செயற்கைக் குரல் அதை அவ்வாறே ஒலிக்க, செவி தடுமாறும். ‘1 பொருள்கள் சேர்க்கப்பட்டன’ என்னும் எண் வழுவும் இத்தகையதே.

மூன்றாவது, மொழிக் குறிப்பு. என்விடிஏ போன்ற கட்டற்ற திரைபடிப்பானோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் பேசும். ஆயினும் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்தால், தமிழ் அறிவிப்பு ஆங்கிலக் குரலிடம் சென்று சிதையவோ விடுபடவோ கூடும்.

இவற்றுக்குத் தீர்வு தமிழுக்குள்ளேயே உண்டு. மணிமேகலையின் விழாவறை காதையில் முரசு முதலில் முழங்குகிறது; பின்னரே வாழ்த்தும் செய்தியும் வருகின்றன. செய்தியின் வகையை முதலில் உணர்த்திப் பின்னர் விரிப்பது அறிவித்தலின் பழைய முறை. அம்முறையில் ‘சேரவில்லை: கம்பி மத்தாப்பு, இருப்பு இல்லை’ என்று முற்றை முன்வைக்கலாம். தமிழின் நெகிழ்வான சொல்வரிசை அதற்கு இடந்தருகிறது. ‘அனுப்பும் ஊர்: இராசபாளையம்’ என்றால் உருபே வேண்டியதில்லை. ‘பொருள் எண்ணிக்கை: 1’ என்றால் எண் வழு நேராது. இவ்வடிவம் வறண்டது எனச் சிலர் கருதக்கூடும். அறிவிப்பு படித்து இன்புறுவதற்குரியதன்று, கேட்டுச் செயற்படுவதற்குரியது.

சலுகையன்று, உரிமை

பட்டாசு வாங்கும் பார்வையற்றோர் எத்தனை பேர் என்னும் எதிர்வினா எழலாம். தீபாவளிக்குத் தம் பிள்ளைகளுக்கு வெடி வாங்கும் விருப்பம் பார்வையைப் பொறுத்ததன்று. மேலும், எண்ணை இட்டால் மொத்தம் மாறுவதும், மாநிலத்தைத் தேர்ந்தால் மாவட்டப் பட்டியல் மாறுவதும் ஒரே வடிவத்தின் வேறுபாடுகள். விபத்தில் பார்வையிழந்த தொழிலாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் இத்தகைய பக்கங்களையே கடக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொடர்பு அணுகலை வலியுறுத்துகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதியரசர்கள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு, மின்னணு அணுகலை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் கூறு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதியாகக் கண்டு 20 வழிகாட்டுதல்களை வழங்கியது. அமிலவீச்சில் முகம் சிதைந்தோரும் பார்வையற்றவர் ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. கண் சிமிட்டிக் காட்டுமாறு கோரும் அடையாளச் சரிபார்ப்பே அங்கு முதன்மைச் சிக்கல். தீக்காயத்தால் இமையும் கைரேகையும் சிதைந்த பட்டாசுத் தொழிலாளிக்கும் அத்தீர்ப்பு நேரடியாகப் பொருந்தும்.

முடிவுரை

மாறும் வலைப்பக்கத்தைச் செவிக்கு எட்டச்செய்வது நிரலாளர் ஒரு பண்பை இட்டு முடிக்கும் பணியாகவே கருதப்படுகிறது. அப்பண்பு ஒலிக்க வழி திறக்கிறது. ஒலிக்க வேண்டிய தொடரை ஆக்கித் தருவதில்லை. முற்றின் இடம், உருபின் திரிபு, எண்ணின் இயைபு ஆகிய மூன்றும் இலக்கணச் சிக்கல்கள். ஆகவே நிலை அறிவிப்புக்குரிய தமிழ்த் தொடர் வடிவங்களைத் தொகுத்து, திரைபடிப்பான் பயன்படுத்துவோரிடம் கேட்பித்துச் செம்மைப்படுத்தும் பொறுப்பு தமிழ்த்துறைகளுக்கும் உண்டு. அப்பணி நிறைவேறினால், கடைக்காரர் வாய்விட்டுச் சொன்ன மொத்தம் திரையிலிருந்தும் கேட்கும்.