ஒரே வானத்தின் கீழ்: யூஜின் பூதேனின் ஓவியங்கள்

கலை வரலாற்று நூல்கள் பிரெஞ்சு ஓவியர் யூஜின் பூதேனைப் பற்றி (1824-1898) பெரும்பாலும் ஒரே செய்தியைச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. புகழ்பெற்ற கிளாட் மோனேயைத் திறந்த வெளியில் ஓவியம் தீட்ட அழைத்துச் சென்றவர் இவர் என்பதே அச்செய்தி. இது பொய்யன்று. 1858-ஆம் ஆண்டளவில், லெ ஆவர் நகரில் கேலிச் சித்திரங்கள் வரைந்து காசு சேர்த்துக்கொண்டிருந்த இளைஞர் மோனேக்குக் கடலையும் வானத்தையும் பார்க்கக் கற்றுத்தந்தவர் பூதேனே. தாம் ஓவியரானது அவரால்தான் என்று மோனே முதுமையிலும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஆகவே பூதேனைத் திருமுழுக்கு யோவானைப் போல ஒரு முன்னோடியாகக் காண்பது எளிது. ஆனால் வழியை ஆயத்தம் செய்தவர் என்று போற்றிவிட்டு, அவர் தாமே சொல்ல வந்ததைக் கேளாமல் விடுவது நீதியாகுமா? பூதேனின் ஓவியங்கள் தமக்கே உரிய ஓர் உண்மையைச் சொல்கின்றன என்பது நம் கருத்து.

பூதேன் நார்மண்டிக் கடற்கரையின் பிள்ளை. சேன் ஆறு கடலோடு கலக்கும் இடத்திலுள்ள ஓன்ஃபிளர் துறைமுகத்தில் மாலுமி ஒருவரின் மகனாகப் பிறந்தார். கப்பல் தச்சர்கள் மரத்தாலேயே கட்டிய புனித கத்தரீனம்மாள் ஆலயம் இன்றும் நிற்கும் ஊர் அது. சிறுவயதில் தந்தையின் படகில் வேலை செய்தார். 1835-இல் குடும்பம் ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள லெ ஆவருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே எழுதுபொருள் விற்று, படங்களுக்குச் சட்டம் போட்டுத்தரும் கடையொன்றில் அவர் பங்குதாரரானார். அக்கடைக்கு வந்த ஓவியர்களுள் மில்லேயும் ஒருவர். மாலை மணியோசை கேட்டு வயலில் தலைகுனிந்து செபிக்கும் கணவன் மனைவியின் படத்தால் நம் வாசகர்கள் பலருக்கும் அறிமுகமானவர் அவர். 1851-இல் லெ ஆவர் நகராட்சி பூதேனுக்கு மூன்றாண்டு உதவித்தொகை வழங்கிப் பாரிசுக்கு அனுப்பியது. தலைநகரில் கற்றபோதிலும் அவர் உள்ளம் கடற்கரையை விட்டு அகலவில்லை.

அவர் தேடியது வானத்தை. வண்ணக்கோல் கொண்டு தாளில் மேகங்களை வரைந்து, ஓரத்தில் நாளையும் நேரத்தையும் காற்றின் திசையையும் குறித்துவைப்பார். 1859-இல் கவிஞர் போதலேர் ஓன்ஃபிளரில் இத்தகைய படங்கள் பல நூற்றைப் பார்த்து வியந்தார். குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டாலும் பருவத்தையும் பொழுதையும் காற்றையும் கண்டுகொள்ளலாம் என்று எழுதினார். இப்படங்களில் மனிதர் இல்லையே என்ற குறை தமக்குத் தோன்றவில்லை என்றும் சொன்னார். எனினும் மனிதனைக் காண்பதில் மனிதன் மகிழ்கிறான் என்பதால், தம் பாராட்டைக் கொண்டு பூதேன் மனிதரை விலக்கிவிடலாகாது என எச்சரிக்கவும் செய்தார்.

பூதேன் விலக்கவில்லை. அவ்வாண்டு பாரிசின் அரசு ஓவியக் கண்காட்சியில் முதன்முறையாக இடம்பெற்ற அவருடைய படம் பிரெத்தாஞ்ஞ் நாட்டுப்புறத்துத் திருப்பயணம் ஒன்றைக் காட்டுவதாகும். கடலோரத்திலுள்ள புனித அன்னம்மாள் திருத்தலத்தின் திருவிழா அது. வெண்தலையணி அணிந்த பெண்களையும் கூடாரங்களையும் திரண்ட மக்களையும் அதில் காண்கிறோம். பக்தியை மிகைப்படுத்தும் முகபாவம் ஏதும் இல்லை. திருவிழாவுக்கு வந்தோர் இளைப்பாறுவதையும் அவர் தள்ளவில்லை.

1860-களில் அவர் பார்வை த்ரூவில் கடற்கரைக்குத் திரும்பியது. பாரிசின் செல்வந்தர்கள் காற்று வாங்க வந்து கூடும் இடம் அது. அகன்ற பாவாடையும் குடையும் விசிறியுமாக அவர்கள் மணலில் நாற்காலியிட்டு அமர்ந்திருப்பதைப் பூதேன் மீண்டும் மீண்டும் தீட்டினார். அவை அவருக்குப் பெயர் தந்தன. ஆயினும் 1867-இல் அவருடைய மனச்சாட்சி உறுத்தியது. பிரெத்தாஞ்ஞில் உழைக்கும் எளியோரிடையே சில காலம் தங்கித் திரும்பியவருக்கு இச்செல்வர் கூட்டம் வெறும் மாறுவேட விளையாட்டாகத் தோன்றியது. இவர்களை வரைந்ததற்காக வெட்கம் மேலிடுவதாக நண்பருக்கு மடல் எழுதினார்.

அடுத்த ஆண்டே அதே நண்பருக்கு வேறொரு மடல் எழுதினார். உழவரைத் தீட்ட மில்லே போன்றோர் இருக்கின்றனர், அது நல்லதே. ஆனால் அந்திச் சூரியனை நோக்கி நடந்துசெல்லும் இந்த நடுத்தர வகுப்பினருக்கும் ஓவியத்தில் இடம்பெற உரிமை இல்லையா? இவர்களும் அலுவலக அறைகளில் உழைத்துக் களைத்து வந்தவர்கள்தாமே? இதுவே அம்மடலின் சாரம்.

இது வசதியான சமாதானமா? வாங்குவோரை இழக்க விரும்பாத ஒருவரின் சாக்குப்போக்கா? இந்த ஐயம் நமக்கும் எழுந்ததுண்டு. விடையை மடலில் தேடுவதைவிட ஓவியத்தில் தேடுவதே முறை. 1863-இல் அவர் தீட்டிய த்ரூவில் கடற்கரைப் படம் ஒன்று இன்று கிளாஸ்கோ நகரின் பரெல் காட்சியகத்தில் உள்ளது. அதில் இடம்பெறுபவர் மூன்றாம் நெப்போலியனின் துணைவியார், பேரரசி யூஜேனி. பேரரசியும் அங்கே தூரிகையின் சில தீற்றல்களே. அரசகுலத்தார்க்கென்று வானம் தனியே ஒளிரவில்லை. புனித அன்னம்மாள் திருவிழாவின் ஏழைப் பெண்கள் மீது படிந்த அதே ஒளிதான் இங்கும் படிகிறது. செல்வரைப் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. பரந்த வானத்தின் கீழ் அவர்களைச் சிறியோராக வைத்தார். நல்லோர் மேலும் தீயோர் மேலும் கதிரவனை உதிக்கச் செய்யும் தந்தையைப் பற்றி ஆண்டவர் சொன்னதை இதைவிடத் தெளிவாக ஒரு நிலக்காட்சி ஓவியர் காட்ட முடியுமா?

குறைகளையும் சொல்லவேண்டும். பிற்காலத்தில் விற்பனைக்கென அவர் தீட்டிய துறைமுகக் காட்சிகள் பல ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. பாய்மரங்கள் ஒரே ஒழுங்கில் நிற்க, கண் சலிக்கிறது. 1874-இல் மோனே முதலியோர் நடத்திய முதல் கண்காட்சியில் பங்கேற்றும், அவர்களைப் போல் துணிந்து முன்செல்லாமல் தம் எல்லைக்குள்ளேயே நின்றார். ஆனால் பெரிய படங்களில் தளர்ந்த கை, சிறு தாள்களில் வானத்தைத் தொடும்போது தளரவேயில்லை. அவர் மறைவுக்குப் பின் 1900-இல் அவருடைய சகோதரர் லெ ஆவர் அருங்காட்சியகத்துக்கு அளித்த 200-க்கும் மேற்பட்ட பயிற்சிப் படங்கள் இதற்குச் சான்று.

1889-இல் மனைவியை இழந்த பூதேன், 1898-இல் நோய் முற்றியபோது கடலருகிலேயே உயிர்விட விரும்பினார். த்ரூவிலுக்கு அடுத்துள்ள தோவிலில் ஆகஸ்டு 8-ஆம் நாள் அவர் கண்மூடினார்.

மேடையில் நின்று செல்வரை இடித்துரைப்பது நமக்கு எளிது. ஏழையின் பொருட்டு அது சில வேளை கடமையும் ஆகும். ஆனால் இடித்துரைத்தபின் அவர்களையும் அன்போடு நோக்க நம்மால் முடிகிறதா? 1867-இன் வெட்கத்தையும் 1868-இன் இரக்கத்தையும் ஒரே நெஞ்சில் தாங்கிய இந்தக் கடற்கரை ஓவியர் நம்மிடம் கேட்பது அதைத்தான்.