பிடேயை உடைக்கலாம், குழாயை விட்டுவையுங்கள்

கொம்பனித்தெருவில், கியூ வீதிக்கு அருகே உள்ள அக்கா வீட்டின் கீழ்மாடிக் குளியலறையில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பிடே, அதாவது கொமட்டுக்குப் போனபின் குந்திக் கழுவுவதற்கான தாழ்வான பீங்கான் கிண்ணம், நிற்கிறது. கொமட், பேசின், பிடே மூன்றும் ஒரே நிறம், ஒரே செட். அந்தக் காலத்தில் அப்படி நிறம் பார்த்துப் பூட்டுவதுதான் நாகரிகம். இப்போது குளியலறையை உடைத்துத் திருத்துகிறார்கள். அக்காவுக்கு அந்தப் பிடே போக வேண்டும், அவருடைய மாமிக்கு அது இருக்க வேண்டும். கைபேசியும் மடிக்கணினியும் பரிசோதித்து எழுதுகிறவன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. மேசன் பாஸ் சுத்தியலைத் தூக்குவதற்கு முன் பிடேயைப் பாவித்துப் பார்த்தேன். கடையில் கிடைக்கும் மாற்றுச் சாமான்களையும் பூட்டிப் பார்த்தேன்.

இத்தாலியில் 1975ஆம் ஆண்டு வந்த ஓர் அரசாணைப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குளியலறையிலாவது பிடே இருக்க வேண்டும். காகிதத்தால் துடைத்துப் பழகிய நாடுகளில் பிடே என்றாலே தண்ணீரா காகிதமா என்ற வாதம்தான் எழும். நமக்கு அந்த வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. வாளியும் கோப்பையும் இருந்த நாளிலிருந்தே தண்ணீர்தான். இங்கே யோசிக்க வேண்டியவை இடமும் முழங்காலும்.

முதலில் இடம். தனியாக நிற்கும் பீங்கான் பிடே சுவரிலிருந்து ஏறக்குறைய இரண்டடி முன்னே நீளும். இருபுறமும் கால் வைக்க இடம் விட்டால், சுவரோரமாக இரண்டரை அடி அதற்கே போய்விடும். ஐந்தடிக்கு ஏழடிக் குளியலறையில் இது சின்ன விஷயமா? பேரை வாவிக் கரையில் அல்டேர் மாதிரிக் கோபுரங்கள் எழும்பிய பிறகு இந்தப் பக்கம் ஒரு சதுர அடி என்ன விலைக்குப் போகிறது என்று அயலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அடுத்தது முழங்கால். கொமட்டிலிருந்து எழுந்து, அரைகுறை உடுப்போடு நகர்ந்து, குழாயைப் பார்த்தபடி மறுபடி குந்த வேண்டும். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. முழங்கால் தேய்ந்தவர்கள் ஈரத் தரையில் இப்படி எழுந்து எழுந்து இருப்பது விழுவதற்கு நாமே வழி செய்து கொடுப்பதுதான். மாமியும் அதைக் கழுவுவதற்குப் பாவிப்பதில்லை. கோயிலுக்குப் போய் வந்ததும் கொமட் மூடியின் மேல் இருந்துகொண்டு, இரண்டு பாதங்களையும் பிடேக்குள் வைத்துக் குழாயைத் திறப்பார். "தம்பி, இதை உடைச்சா நான் குனியாம கால் கழுவுறது எங்க?" என்று கேட்டார். இந்த விஷயத்தில் நான் கேட்ட ஒரே நியாயமான வாதம் அதுதான்.

பிடேயின் வேலைத்திறன் எப்படி? இது அடியிலிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சும் வகை. திறந்தவுடன் துருத் தண்ணீர் வந்தது, பிறகு கோணல்மாணலாக இரண்டு தாரை. மற்றத் துளைகள் அடைத்துக் கிடந்தன. ஊசியால் குத்தியபோது பழைய இரும்புக் குழாயின் செதில்கள் உதிர்ந்தன. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் கிணற்று நீர் என்றால் துளைகளில் வெள்ளையாகப் படிந்திருக்கும். களனி ஆற்றிலிருந்து அம்பத்தலையில் சுத்திகரித்து வரும் தண்ணீரில் அந்தத் தொல்லை குறைவு, இங்கே குற்றவாளி துருதான்.

இந்த வகைக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பீய்ச்சும் துளை கிண்ணத்துக்கு உள்ளேயே இருக்கிறது. கிண்ணம் நிரம்பி நிற்கும்போது பிரதான குழாயில் அழுத்தம் திடீரென விழுந்தால், அழுக்கு நீர் குடிநீர்க் குழாய்க்குள் பின்வாங்கி ஏறலாம். பிரித்தானியாவின் 1999ஆம் ஆண்டு நீர்ப் பொருத்து விதிகள் பிடேயில் நிற்கும் நீரை மிக ஆபத்தான ஐந்தாம் வகையில் சேர்த்திருப்பது இதனால்தான். அக்கா வீட்டில் மேல்மாடிக்கு மட்டுமே கூரைத் தாங்கித் தண்ணீர், கீழ்மாடிக்கு நேரே நீர் வழங்கல் சபைக் குழாய். ஆகவே இது வெறும் ஏட்டுப் பயமில்லை. பாவிக்காமல் விட்டாலும் நிம்மதியில்லை: கழிவுக் குழாயின் வளைவில் நிற்கும் நீர் வற்றிவிட்டால் அந்த வழியாக நாற்றமும் கரப்பானும் ஏறி வரும்.

இனி மாற்றுகள். கைப்பிடி ஸ்ப்ரேயை அறியாதவர் கொழும்பில் இல்லை. அரை அங்குல ரீ வால்வு, ஒரு மீற்றர் நெகிழ்குழாய், சுவர்க் கொக்கி, அவ்வளவுதான். பழைய சோனகத் தெரு ஹாட்வெயர் கடைகளில் பிளாஸ்டிக் தலையும் கிடைக்கும், பித்தளைத் தலையும் கிடைக்கும். கையில் எடுத்துப் பாருங்கள், பாரமாக இருப்பதை வாங்குங்கள். பிளாஸ்டிக்கில் முதலில் போவது விசையின் ஸ்பிரிங். குழாயில் எப்போதும் அழுத்தம் நிற்காதபடி, கழுவி முடிந்ததும் சுவர் வால்வை மூட வேண்டும். வீட்டில் ஆளில்லாதபோது நெகிழ்குழாய் வெடித்தால் நனைவது கீழ்வீட்டுக்காரரின் சீலிங். தலையைக் கொமட்டுக்குள் தொங்கவிடவும் வேண்டாம், பின்வாங்கும் ஆபத்து இதற்கும் உண்டு.

இரண்டாவது, கொமட் இருக்கைக்கு அடியில் பூட்டும் கரண்ட் இல்லாத தகடு. பக்கத்தில் ஒரு பிடி, அதைத் திருப்பினால் துளைக்குழல் நீளும். உடம்பைத் திருப்பத் தேவையில்லை, விரல்களால் விசையை அழுத்திப் பிடிக்கவும் தேவையில்லை. மூட்டுவாதம் உள்ள கைக்கு இதுதான் உகந்தது. தண்ணீர் அழுத்தம்தான் இதன் சிக்கல். பத்து மீற்றர் உயரத்துத் தண்ணீர் ஒரு பார் அழுத்தம் தரும். மேல்மாடிக் குளியலறைக்கும் கூரைத் தாங்கிக்கும் இடையே மூன்று மீற்றர்கூட இல்லை, தாரை சோம்பலாக வந்து பாதி வழியில் விழுந்தது. அதே தாங்கியிலிருந்து கீழே இறக்கிப் பூட்டியபோது திருப்தியாக வேலை செய்தது.

இன்னொன்று, விளம்பரங்களில் சொல்லாதது. நண்பகல் வெயிலில் கொங்கிரீட் தட்டின் மேல் கிடந்த குழாயில் தண்ணீர் கொதித்துப் போயிருக்கும். கைப்பிடி ஸ்ப்ரே என்றால் முதல் நீரைக் கையில் பட வைத்துப் பார்த்துவிடலாம். தகட்டில் அந்த வசதி இல்லை. முதல் நீர் நேரே வந்து சேரும் இடத்தை நான் விவரிக்கத் தேவையில்லை. கூரைமேல் ஓடும் குழாயை மூடிப் பாதுகாத்தால் இது தீரும்.

மூன்றாவது மின்சார இருக்கை. ஜப்பானின் டோட்டோ நிறுவனம் 1980இல் வொஷ்லெட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டு வந்து பரப்பிய சாமான். உறவினர் ஒருவரின் தொடர்மாடி வீட்டில் பாவித்தேன். இளஞ்சூட்டுத் தண்ணீரும் தாரையை நகர்த்தும் பொத்தானும் அருமை. சூடேற்றும் இருக்கை நுவரெலியாவுக்குச் சரி, கொழும்பில் அதை அணைத்து வைப்பதே முதல் வேலை. ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமானை மலிவென்று வாங்கிவிடாதீர்கள். அங்கே 100 வோல்ட், இங்கே 230. ஈரமான இடம் என்பதால் எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போன ஊரில், மின்சாரத்தை மட்டும் நம்பிக் கொமட்டில் உட்கார எனக்கு மனம் வரவில்லை.

என் தீர்ப்பு இது. பிடே போகட்டும். கரண்ட் இல்லாத தகடும், பக்கத்திலேயே ஒரு பித்தளை ஸ்ப்ரேயும் பூட்டுங்கள், இரண்டுக்கும் தாங்கித் தண்ணீரையே கொடுங்கள். ஆனால் பிடே நின்ற இடத்துக் குழாய் முனைகளைச் சீமெந்து பூசி மூடிவிடாதீர்கள். தண்ணீர் முனையில் முழங்கால் உயரத்தில் ஒரு குழாய், கழிவு முனையில் தரை வடிகால், அருகே கைபிடிக்க ஓர் எஸ்எஸ் கம்பி. மாமி ஸ்டூலில் இருந்து கால் கழுவலாம், பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் போல் தொழுகைக்கு முன் ஒளுச் செய்கிற வீடுகளுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும். மாமி இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை. "கம்பி நல்லாத்தான் இருக்கு, நிறம்தான் பிடிக்கல்ல" என்கிறார்.

திருத்த வேலை தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்னாளில் மின்சார இருக்கை பூட்ட ஆசை வரலாம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே கொமட் பின்சுவரில் எர்த்துடன் வயர் இழுத்து வைத்துவிடுங்கள். சுவருக்குள் போகும் குழாய், வயர் எல்லாவற்றையும் அளவு நாடாவை அருகே பிடித்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.