விதிவிலக்கு எந்தக் கோப்புக்கு?

லினக்ஸ் கெர்னலின் 4.14ஆம் பதிப்பு 2017 நவம்பரில் வெளிவந்தபோது, ஆயிரக்கணக்கான கோப்புகளின் தலையில் புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது: அந்தக் கோப்பின் உரிமத்தைச் சொல்லும் எஸ்.பி.டி.எக்ஸ். குறியீடு. அதற்கு முன் பல கோப்புகளில் உரிமம் பற்றிய பேச்சே இல்லை. இருந்தவற்றிலும் ஒரே ஜி.பி.எல். அறிவிப்பு விதவிதமான வாசகங்களில் எழுதப்பட்டிருந்ததால் ஸ்கேனர் மென்பொருள்கள் தடுமாறின. 2021இல் இந்த முறை ஐ.எஸ்.ஓ. தரநிலையும் ஆனது. உரிமத்தின் பெயரைச் சொல்ல இதைவிட நல்ல வழி இன்று நம்மிடம் இல்லை. ஆனால் இணைப்பு விதிவிலக்குகள் என்று வரும்போது, பெயர் தெரிந்துவிட்டதையே அனுமதி கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும் பழக்கமும் இதோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது. அந்தப் பழக்கம் தவறு என்பதே என் வாதம்.

ஜி.பி.எல். லைப்ரரியோடு இணைத்து உருவாக்கிய நிரலை வெளியிடுபவர் முழு நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்பது அந்த உரிமத்தை எழுதிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. அந்தக் கடமையைத் தளர்த்த விரும்பும் ஆசிரியர், உரிமத்துக்குக் கீழே ஒரு கூடுதல் அனுமதியை எழுதிச் சேர்க்கிறார்; அதுதான் இணைப்பு விதிவிலக்கு. எஸ்.பி.டி.எக்ஸ். உரிமத்தையும் விதிவிலக்கையும் தனித்தனியே பெயரிட்டு, நடுவில் 'வித்' என்ற சொல்லால் இணைக்கிறது. 'இந்தப் பதிப்பு மட்டும்', 'இதுவோ பிந்தையதோ' என்ற இரண்டையும் பிரித்தும் காட்டுகிறது. இதன் அருமை குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல் விஷயத்தில் தெரியும். அதன் பழைய உரிமத்தில் இருந்த விளம்பர நிபந்தனை ஜி.பி.எல்.லோடு ஒத்துப்போகாததால், பல திட்டங்கள் தத்தம் வாசகத்தில் விதிவிலக்கு எழுதிக்கொண்டன. 2021இல் ஓபன்எஸ்எஸ்எல் 3.0, அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாறியது. அது ஜி.பி.எல். 3ஆம் பதிப்போடு பொருந்தும். 2ஆம் பதிப்போடு பொருந்தாது என்கிறது அறக்கட்டளை. ஆகவே '2 மட்டும்' என்றிருக்கும் நிரலுக்கு அந்தப் பழைய விதிவிலக்கு இன்னும் தேவைப்படலாம்; 'பிந்தையதும் ஆகலாம்' என்றிருப்பதற்குத் தேவையில்லை. முன்பு கோப்பு கோப்பாகத் துழாவித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததை இன்று ஒரே குறியீடு சொல்லிவிடுகிறது.

விதிவிலக்கின் எல்லை எதுவென்று கேட்டால்தான் குறியீடு கைவிரிக்கிறது. ஜாவாவின் திறமூல வடிவமான ஓபன்ஜேடிகேயை எடுத்துக்கொள்வோம். அதன் உரிமம் 'ஜி.பி.எல். 2, கிளாஸ்பாத் விதிவிலக்குடன்' என்றே எங்கும் ஒரே வரியில் பதிவாகிறது. மூலநிரலைத் திறந்தால் நிலைமை வேறு. ஜாவா வகுப்பு லைப்ரரியின் கோப்புகளில், இந்தக் குறிப்பிட்ட கோப்பைக் கிளாஸ்பாத் விதிவிலக்குக்கு உட்பட்டதாக ஆரக்கிள் அறிவிக்கிறது என்று தலைப்பிலேயே ஒரு வாக்கியம் இருக்கும். ஹாட்ஸ்பாட் மெய்நிகர் இயந்திரத்தின் கோப்புகளில் அந்த வாக்கியம் இல்லை. ஜாவாவில் நிரல் எழுதி ஓட்டுபவருக்கு இதனால் பாதகமில்லை. ஹாட்ஸ்பாட்டிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் தன் மூடிய நிரலில் சேர்ப்பவருக்கோ, அந்த ஒற்றை வரி இல்லாத அனுமதியைக் காட்டிவிடும். பத்திரத்தின் தலைப்பைப் படித்துவிட்டு நான்கெல்லை பார்க்காமல் நிலம் வாங்குவது போன்றது இது.

ஜி.சி.சி. கம்பைலரின் ரன்டைம் லைப்ரரிக்கு 2009இல் வந்த விதிவிலக்கு இன்னும் நுட்பமானது. கம்பைலரின் இடைநிலை வடிவத்தை எடுத்து, ஜி.பி.எல்.லோடு பொருந்தாத மென்பொருளால் பதப்படுத்தியிருந்தால் அந்த அனுமதி செல்லாது. நிரல் எப்படி உருவாக்கப்பட்டது என்பதைப் பொறுத்த நிபந்தனை இது; கோப்பை எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் கண்ணில் படாது. அனுமதி தந்தவர் யார் என்ற கேள்வியும் உண்டு. ஓபன்எஸ்எஸ்எல்லுக்காக விதிவிலக்கு எழுதிய நிரலில் ஜி.பி.எல். உரிமத்தில் வரும் ரீட்லைன் லைப்ரரியையும் இணைத்தால், ரீட்லைன் சார்பாக அந்த விதிவிலக்கை யாரும் தரவில்லை. தன் பங்குக்கு மட்டுமே ஓர் ஆசிரியர் விலக்கு அளிக்க முடியும். போதாக்குறைக்கு, ஜி.பி.எல். 3இன் 7ஆம் பிரிவு, பிரதியை மறுபடி வழங்குபவர் கூடுதல் அனுமதிகளை நீக்கிக்கொள்ளவும் இடம் தருகிறது. எனவே ஒரே லைப்ரரியின் இரு பிரதிகளுக்கு ஒரே அனுமதி இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இணைத்தல் என்ற செயலே காப்புரிமைச் சட்டப்படி வழிப்படைப்பு ஆகுமா என்பதில் நீதிமன்றங்கள் தெளிவான முடிவு சொல்லாதபோது, விதிவிலக்கைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். முடிவு இல்லாததுதான் காரணம். அந்த ஐயத்தைத் தன்னளவில் நீக்கிவைக்கவே ஆசிரியர் விதிவிலக்கை எழுதுகிறார். அதைத் தவறாக அடையாளம் கண்டால் கிடைத்த தெளிவும் போய்விடும். குறியீடு ஒரு முகவரிதான், சட்டக் கருத்தல்ல; ஆயிரக்கணக்கான பொதிகளை மனிதர் உட்கார்ந்து படிக்கவும் முடியாது என்பது இதைவிட வலுவான மறுப்பு. முன்பாதி உண்மை. ஆனால் நிறுவனங்களின் தானியங்கிச் சோதனைகள் அந்த முகவரியைப் பார்த்தே 'அனுமதி உண்டு' என்று பச்சைக்கொடி காட்டிவிடுகின்றன. பின்பாதி விதிவிலக்குகளுக்குப் பொருந்தாது. உரிமப் பட்டியலோடு ஒப்பிட்டால் அவை மிகச் சில. ஒரு தயாரிப்பில் 'வித்' வரும் பொதிகள் அதைவிடவும் குறைவாகவே இருக்கும். அவற்றை மட்டும் தானியங்கி ஒப்புதலிலிருந்து விலக்கி, எந்தக் கோப்புக்கு, யார் தந்தது, என்ன நிபந்தனையில் என்று ஒருவர் படித்துப் பதிவுசெய்ய முடியும். ஒவ்வொரு கோப்பிலும் குறியீடு இருக்க வேண்டும் என்று ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் ரீயூஸ் திட்டம் கேட்பது எல்லைக் கேள்வியை எளிதாக்கும். நிபந்தனை பற்றிய கேள்விக்கு, நிரலை உருவாக்கிய பொறியாளரையே கேட்டாக வேண்டும்.