பந்தும் ஆயமும்

பிள்ளைத்தமிழ் நடத்தும்போது கடைசி மூன்று பருவங்களுக்கு வந்ததும் நான் சற்று நிற்பதுண்டு. காப்பு முதல் அம்புலி வரையிலான ஏழு பருவங்கள் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பொது. எட்டாவதில் பாதை பிரிகிறது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். சில நூல்களில் கழங்கும் வரும். இதை மனப்பாடம் செய்யாத தமிழ் மாணவி இல்லை. ஆனால் இதில் வரும் உடம்புகளை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. அவன் தேரை உருட்டிக்கொண்டு தெருவுக்குப் போகிறான், பறையைக் கொட்டுகிறான். அதற்கெல்லாம் முன்னால், சிறுமிகள் மணலில் கட்டிய வீட்டைக் காலால் அழிக்கிறான். அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுவதுதான் சிற்றில் பருவம். அவளோ அம்மானைக் காயை மேலே எறிந்து பிடிக்கிறாள். ஊசலில் ஏறினால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறாள். ஆட்டத்தில் கால் அவன் பங்கு, கை அவள் பங்கு.

பாண்டி ஆட்டம் இருக்கிறதே, அது காலால்தானே என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. இருக்கிறது. கட்டம் போட்டு, ஒற்றைக் காலில், கோட்டை மிதித்தால் அவுட் என்ற சட்டத்தோடு இருக்கிறது.

பந்தைத் தமிழ் இலக்கியம் பெண்ணிடமிருந்து ஒளித்து வைத்ததில்லை. சங்கப் பாடல்களில் பந்தும் கழங்கும் பாவையும் அவளுடையவை. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பந்தாட்டத்துக்கென்றே கந்துகவரி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சிக்கு வந்தால் வசந்தவல்லி பந்தடிக்கிறாள். சந்தம் துள்ளும், கேட்கக் கேட்க இனிக்கும். ஆனால் பாட்டின் கண் அவள் வளையில், இடையில், மார்பில் இருக்கிறது. பந்து எங்கே போனது என்று கவிராயருக்கு அக்கறை இல்லை. பள்ளி விளையாட்டு விழாவில் பெண்கள் ஓடும்போது சுவரோரம் நிற்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று யோசித்தால் இந்த மரபு எவ்வளவு திடகாத்திரமாக இருக்கிறது என்று தெரியும்.

சங்கப் பாடல்களில் பந்து தனியாக இருப்பதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அது ஆயத்தோடு வருகிறது. ஆயம் என்றால் கூட விளையாடும் பெண்கள். வயது வந்துவிட்டது, அல்லது ஊர் வாயில் விழுந்துவிட்டாள் என்றதும் பெண்ணை வீட்டுக்குள் நிறுத்துவதற்கு இற்செறிப்பு என்று இலக்கணம் பெயர் வைத்தது. உடன்போக்கில் மகள் போன பிறகு தாயின் கண்ணில் படுவது அவள் விட்டுப்போன பந்து. நற்றிணையில் ஒரு தலைவி புறப்படும் நேரத்தில், என் பந்தைப் பார்த்தால் ஆயத்தார் வருந்துவார்களே என்று கலங்குகிறாள். காதலனோடு போகிறவளின் கடைசி நினைப்பு கூட்டாளிகளைப் பற்றியது. இவற்றைக் காதல் பாடல்கள் என்றே நடத்துகிறோம். ஒரு பதினைந்து வயதுப் பெண் தன் ஆட்டத்தையும் தோழிகளையும் ஒரே நாளில் இழப்பதைப் பற்றிய பாடல்களாகவும் நடத்தலாம்.

நம் காலத்தில் இழந்த பந்தைப் பெண்ணுக்குத் திருப்பித் தரும் வேலையைத் திரைப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. 2019 தீபாவளிக்கு வந்த அட்லீயின் ‘பிகில்’ பெண்கள் கால்பந்து அணியைப் பற்றிய படம். என் மாணவிகளில் பலர் அதை மூன்று நான்கு முறை பார்த்தவர்கள். ‘சிங்கப்பெண்ணே’ ஒலிக்காத கல்லூரி மகளிர் விழாவை நான் பார்க்கவில்லை. அந்தப் படத்தைப் பழிப்பது சுலபம், எனக்கு அதில் விருப்பமும் இல்லை. பத்துப் பதினைந்து பெண்கள் அரைக்கால் சட்டையோடு திரை முழுக்க ஓடுவதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க வைத்தது சின்ன விஷயம் அல்ல. நான் கேட்பது ஒன்றுதான்: இந்த அணியில் யாருக்கு யார் தோழி?

காயத்ரி திருமணமாகி, ஆட்டத்தை விட்டுவிட்டு, ஆசாரமான வீட்டில் இருக்கிறாள். அவளை மீட்கப் போய்க் கணவனிடம் பேசுகிறவர் பயிற்சியாளர் மைக்கேல். அனிதா ஆசிட் வீச்சில் முகம் வெந்து அறைக்குள் முடங்கிக் கிடக்கிறாள். அவளை வெளியே அழைத்து வருகிறவரும் அவரே. அகப்பொருள் படித்தவர்களுக்கு இந்த வேலை தெரிந்த வேலை. அறத்தொடு நிற்றல். தலைவியால் வாய் திறக்க முடியாத இடத்தில் பெரியவர்களிடம் போய் உண்மையைப் பக்குவமாகச் சொல்லி வழி திறப்பது தோழியின் பொறுப்பு. இரண்டாயிரம் ஆண்டுகள் தோழி பார்த்த வேலையைப் படம் அவளிடமிருந்து வாங்கி விஜயிடம் கொடுத்துவிட்டது. காயத்ரியோடு ஆடிய பெண்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்க மாட்டார்களா? அனிதாவின் அறைக்குள் இத்தனை நாளும் ஒருத்திகூடப் போய் உட்காரவில்லையா?

இன்னும் உறுத்துவது பாண்டியம்மாவின் காட்சி. இறுதிப் போட்டியின் நடுவே, அணிக்கு ரோஷம் வர வேண்டும் என்று, பயிற்சியாளர் அவள் பருத்த உடம்பைச் சொல்லி எல்லோர் முன்னாலும் இழிவுபடுத்துகிறார். அவள் அழுகிறாள். பிறகு எல்லாம் உங்கள் நன்மைக்கே என்று ஆகிவிடுகிறது. படம் வந்தபோதே பலர் இதைக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனங்களோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அந்த நேரத்தில் சுற்றி நின்ற பெண்கள் யாரும் குறுக்கே பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும், அது நடக்காது. ஒருத்தியைக் குண்டு என்று வெளியாள் சொன்னால், அதே பெயரைத் தினமும் சொல்லிக் கூப்பிடும் தோழிகள்தான் முதலில் சண்டைக்குப் போவார்கள்.

கடல் கடந்த உதாரணமும் ஒன்று உண்டு. குரிந்தர் சத்தா 2002இல் எடுத்த ‘பெண்ட் இட் லைக் பெக்கம்’ லண்டன் பஞ்சாபிக் குடும்பத்துப் பெண் ஜெஸ்ஸைப் பற்றியது. அது தோழமையிலிருந்தே தொடங்குகிறது. பூங்காவில் பையன்களோடு ஆடிக்கொண்டிருப்பவளைப் பார்த்து, எங்கள் அணிக்கு வா என்று கூப்பிடுவது இன்னொரு பெண், ஜூல்ஸ். அந்தக் கூப்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் தீக்காயத் தழும்புள்ள காலோடு அரைக்கால் சட்டை போடக் கூசும் ஜெஸ்ஸைத் தேற்றுவது ஜூல்ஸ் அல்ல, பயிற்சியாளர் ஜோ. அதே ஜோவை இருவரும் விரும்பப்போய் நட்பு உடைகிறது. கடைசியில் இருவரும் சேர்ந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறார்கள்; மனம் ஆறுகிறது. இருந்தாலும் பெண்கள் நட்பு என்றால் நடுவில் ஓர் ஆணைப் போட்டுச் சோதித்துப் பார்த்தே தீர வேண்டும் என்ற நியதியை ஒரு பெண் இயக்குநரும் மீறவில்லை. சுதா கொங்கராவின் ‘இறுதிச்சுற்று’ குத்துச்சண்டைப் படம். அங்கே பொறாமையில் மதியின் கையைக் காயப்படுத்துவது உடன்பிறந்த அக்கா. ‘கனா’வின் கௌசல்யா ஊர்ப் பையன்களோடு ஆடி வளர்கிறாள். இந்தி ‘சக் தே! இந்தியா’ மட்டும் கொஞ்சம் விலகி நிற்கிறது. உணவகத்தில் கேலி செய்யும் ஆண்களோடு அந்தப் பெண்கள் கைகலக்கும்போது பயிற்சியாளர் பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார். அந்தச் சில நிமிடங்களில்தான் அவர்கள் அணியாகிறார்கள்.

தோழியைத் தெய்வமாக்க நான் வரவில்லை. சங்கத் தோழிக்குச் சொந்த வாழ்க்கை கிடையாது. அவள் யாரை விரும்பினாள், எங்கே போனாள் என்று ஒரு பாட்டும் சொல்லாது. தலைவியின் காதலுக்குக் காவல் நிற்பதோடு அவள் கதை முடிந்தது. பள்ளித் தோழமையிலும் கொடுமை உண்டு: சாதி பார்த்து டிபன் பாக்ஸ் பகிராத வட்டங்கள், ஒருத்தியை ஒதுக்கிவைத்து வாரக்கணக்கில் பேசாமலிருக்கும் தண்டனைகள். இவையும் திரையில் வராதவையே.

கடலூருக்கு வருவோம். நெல்லித்தோப்பிலிருந்து பஸ் நிலையம் நடை தூரம். அங்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கடலூர். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் அந்த மாவட்டத்து மைதானங்களில் வளர்ந்தவர்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில், பெண்கள் கால்பந்தில் அசைக்க முடியாததாக இருந்த மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதல் முறையாகப் பட்டம் வாங்கியது. அடுத்த ஆண்டு மே மாதம் லூதியானாவில், மதுரையின் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்து இந்திய மகளிர் லீக்கை வென்றது. ‘பிகில்’ படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. திரையில் ஒரு தமிழ்நாட்டுப் பெண்கள் அணியைக் கரையேற்ற ஒரு நாயகன் தேவைப்பட்ட அதே ஆண்டில், நிஜத்தில் அந்த அணி கோப்பையோடு ரயிலேறி வீடு திரும்பியிருந்தது. எத்தனை பேர் அதைக் கவனித்தோம்?

கடலூரிலும் பயிற்சியாளர்கள் ஆண்கள்தான் என்று யாராவது சொல்லலாம். சரிதான், அவர்கள் உழைப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களில் சிலரின் கதையில் ஒரு விடுதி இருக்கிறது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வழியில்லாத பிள்ளைகள் தங்கிப் படித்த விடுதி. அங்கே இற்செறிப்பு நடக்கவில்லை; செறிக்க வீடு இல்லை. இது மகிழ்ச்சியான செய்தி அல்ல. ஆனாலும், பூப்படைந்த மறுநாளும் அதே பெண்களோடு அதே மைதானத்துக்குப் போக முடிந்த ஒரு சூழல், பல நல்ல குடும்பங்கள் தம் மகள்களுக்குத் தராத ஒன்று. இந்துமதி பின்னாளில் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆனார். கால்பந்து ஒரு பெண்ணுக்குச் சம்பளம் தரும் என்பதை ஊர் அப்படித்தான் கற்றுக்கொள்கிறது.

இந்தப் பக்கம், புதுச்சேரியில், எங்களுக்குக் கால்பந்து பிரெஞ்சுக்காரர் சொத்து என்ற பெருமை உண்டு. தேதிகளைப் பார்த்தால் அந்தப் பெருமையில் பாதிதான் மிஞ்சும். பிரான்சின் கால்பந்துச் சம்மேளனம் பெண்கள் ஆட்டத்தை முறைப்படி ஏற்றது 1970இல். அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, 1954 நவம்பர் 1 அன்று, பிரெஞ்சு நிர்வாகம் இங்கிருந்து போய்விட்டது. அவர்கள் விட்டுச்சென்றது ஆண்களின் ஆட்டம். இங்கிலாந்து இன்னும் மோசம். 1920 டிசம்பரில் பெண்கள் ஆட்டம் ஒன்றைப் பார்க்க லிவர்பூலில் 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டே பெண்களுக்குத் தன் கீழுள்ள மைதானங்களை மூடிய சங்கம், திறக்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டு எடுத்துக்கொண்டது. இற்செறிப்பு தமிழருக்கு மட்டும் உரியதல்ல போலும்.

உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கத்தில் ஒன்பதாம் வகுப்பு வரை ஆடிய பெண் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். ஏன் விட்டாய் என்றேன். வீட்டில் தடுத்திருப்பார்கள் என்று நினைத்துக் கேட்டது. “எங்க வீட்டுல ஒண்ணும் சொல்லலம்மா. அவ வீட்டுலதான் நிறுத்திட்டாங்க. அப்புறம் நான் மட்டும் போயி என்னா பண்றது?” என்றாள். ‘அவ’ யார் என்று விளக்கம் இல்லை. நானும் கேட்கவில்லை. விளையாட்டு பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கியது, ஒரே ஜோடி பூட்ஸை மாற்றி மாற்றிப் போட்டது, நாப்கின் மாற்ற இடமில்லாமல் ஒருத்தி நிற்க மற்றவள் துப்பட்டாவை விரித்து மறைத்தது, இருட்டிய பிறகு நெல்லித்தோப்பு சிக்னல் வரை இரண்டு பேராக நடந்தது என்று மற்றதெல்லாம் கடகடவென்று சொன்னாள். இதில் ஒரு காட்சிகூட நம் கால்பந்துப் படத்தில் இல்லை. கோல் அடிப்பதைப் படமாக்கத் தெரிந்தவர்களுக்குத் துப்பட்டா பிடித்து நிற்பதைப் படமாக்கத் தோன்றவில்லை.

அந்தப் பருவத்தில் ‘பிகில்’ பற்றி ஒரு பயிற்சி கொடுத்தேன். பாண்டியம்மா அழுத பிறகு அந்த அறையில் என்ன நடந்தது, படம் காட்டாததை ஒரு பக்கத்தில் எழுதி வாருங்கள் என்றேன். பலர் பாண்டியம்மாவைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னார்கள். சிலர் பயிற்சியாளரை மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். உப்பளத்தில் ஆடியவள் எழுதியதில் அழுகையே இல்லை. வேம்பு எழுந்துபோய்ப் பயிற்சியாளரை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்துகிறாள். பாண்டியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் தரையில் வைத்து, இது நீ, இது நான் என்று செருப்புகளை அடுக்கி, அடுத்த பாதியில் யார் எங்கே நிற்பது என்று காட்டத் தொடங்குகிறாள்.