துடைத்தெறியும் முன்

இயங்குதளத்தை மேம்படுத்திய மறுநாள், லேப்டாப்பில் வைஃபை சின்னத்தையே காணோம். யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள்: “நெட்வொர்க் ரீசெட் கொடு, சரியாகிவிடும்.” 2016-இல் விண்டோஸ் 10-இல் சேர்ந்த இந்த வசதி விண்டோஸ் 11-லும் தொடர்கிறது. அழுத்தினால் எல்லா நெட்வொர்க் அடாப்டர்களும் நீக்கப்பட்டு, கணினி மறுபடி தொடங்கும்போது புதிதாக நிறுவப்படும். அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும்.

இதன் நன்மையைக் குறைத்து மதிப்பிட முடியாது. இணையம் போன கணினிக்கு இணையம் இல்லாமலே வைத்தியம் பார்க்கிறது. தேவையான டிரைவர்களை வன்வட்டில் உள்ள கிடங்கிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. முன்பு இதற்காக ஒவ்வொரு கட்டளையாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. இன்று கணினி நுட்பம் அறியாதவரும் செய்துவிடலாம். பழைய பதிப்பின் அமைப்புகள் மேம்படுத்தலில் சிதைந்து வந்திருந்தால் இதுவே சரியான தீர்வு.

ஆனால் கோளாறு டிரைவரிலேயே இருந்தால்? கிடங்கில் கிடக்கும் அதே டிரைவர்தான் திரும்ப வந்து உட்காரும். மேம்படுத்தலுக்குப் பின் வரும் தொல்லைகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை: தயாரிப்பாளர் தந்த டிரைவரின் இடத்தில் பொதுவான ஒன்று வந்திருக்கும், அல்லது பழைய பதிப்புக்காக எழுதியது புதியதோடு ஒத்துப்போகாது. இன்னொரு இழப்பும் உண்டு. சேமித்த வைஃபை கடவுச்சொற்கள், கையால் அமைத்த ஐபி முகவரி, அலுவலக விபிஎன் எல்லாவற்றையும் மறுபடி அமைக்க நேரிடும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு ஒரு நாள் சம்பளமே போகக்கூடும்.

2015-இல் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். அவ்வாண்டு ஜூலை 29-இல் விண்டோஸ் 10 வெளியானது. 8.1-லிருந்து அதற்கு மாறிய சில கணினிகளில் வைஃபை நெட்வொர்க்குகளே தென்படவில்லை. மறுபடி தொடங்கியும் பயனில்லை, அடாப்டர் மென்பொருளைத் திரும்ப நிறுவியும் பயனில்லை. காரணம் அடாப்டரில் இல்லை. பழைய விபிஎன் மென்பொருள் விட்டுச்சென்ற ஒரு வடிகட்டிக் கூறு பாதையை மறித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு கூறை நீக்கும் வழியை மைக்ரோசாஃப்டே வெளியிட்டது. அடாப்டரையே சந்தேகித்தவர்கள் எத்தனை முறை முயன்றிருந்தாலும் அந்தக் காரணத்தைத் தொட்டிருக்க முடியாது.

எனவே முதலில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்ப்பதே முறை. அங்கே அடாப்டருக்குப் பிழைக் குறியீடு 28 இருந்தால் டிரைவரே இல்லை. 10 என்றால் சாதனம் இயங்கத் தொடங்க முடியவில்லை. குறியீடு ஏதுமின்றி இணைப்பு மட்டும் அடிக்கடி அறுந்தால், மின்சேமிப்புக்காக அடாப்டரை அணைக்கும் தேர்வை நீக்கிப் பார்க்கலாம். புதிய டிரைவர்தான் குற்றவாளி என்று தோன்றினால், முந்தைய டிரைவருக்குத் திரும்ப ‘ரோல் பேக் டிரைவர்’ இருக்கிறது. அதை ரீசெட்டுக்கு முன்பே முயல வேண்டும். அடாப்டரை நீக்கிவிட்டால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுப்போகும். புது டிரைவரைத் தரவிறக்க, செல்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து டெதரிங் போட்டால் போதும். எதுவும் பலிக்கவில்லை என்றால், மேம்படுத்திய 10 நாளுக்குள் பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம்.

இந்த வழிக்கும் குறை உண்டு. பொறுமை வேண்டும்; வெறும் எண்ணாக வரும் பிழைக்குப் பொருள் தெரிய வேண்டும். அவசரமாக விண்ணப்பம் அனுப்ப வேண்டிய மாணவரிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் டெதரிங்கில் வேலையை முடித்துக்கொண்டு, பிறகு நிதானமாகக் காரணம் தேடட்டும்.

நெட்வொர்க் ரீசெட் நல்ல கருவிதான், ஆனால் வரிசையில் அதன் இடம் கடைசி. காரணம் தெரியாமல் குணமான வைஃபை அடுத்த மேம்படுத்தலில் மறுபடி படுத்துக்கொண்டால், அன்றும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். குறியீட்டைப் படித்துக் குறித்து வைத்தவருக்கு அன்று பாதி வேலை முடிந்திருக்கும்.