உடலில் பூதங்கள்: கப்பாலா, ஹெர்மெட்டிக் பயிற்சி, சைவக் கிரியை

யூத மறைஞான மரபாகிய கப்பாலாவின் தியான முறைகளும், அவற்றைத் தன்னுள் வாங்கிக்கொண்டு ஐரோப்பாவில் வளர்ந்த ஹெர்மெட்டிக் மந்திரப் பயிற்சியின் படிநிலைகளும், யாழ்ப்பாணத்துச் சைவக் கிரியைகளோடு பழகிய ஒருவருக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. ‘மகோற்சவ விளக்கம்’ எழுதிய சிவஸ்ரீ ச. குமாரசுவாமிக் குருக்களின் ஊராகிய அச்சுவேலியிலும் அயற்கிராமங்களிலும் சமயம், விசேடம், நிர்வாணம் எனத் தீட்சைகள் படிப்படியாகவே வழங்கப்பட்டு வந்துள்ளன. குருத்துவத்துக்கு அதன் மேல் ஆசாரியாபிஷேகமும் வேண்டும். பூதங்கள், எழுத்துக்கள், படிநிலைகள் ஆகிய மூன்றும் இம்மரபுகள் அனைத்திலும் காணப்படுவதால் அவை ஒன்றே என்று கூறிவிடும் ஆசை பலருக்கு எழுந்திருக்கிறது. எனினும் எந்தப் பூதம் உடலின் எந்த இடத்தில் வைக்கப்படுகிறது என்ற சிறிய விவரமே அந்த ஆசையைத் தடுத்து நிறுத்தப் போதுமானது.

கப்பாலாவின் பழைய ஆதாரமாகக் கொள்ளப்படும் ‘செபர் யெட்சிரா’ என்னும் சிறுநூல், இறைவன் 10 செபிரோத்துக்களாலும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களாலும், ஆக 32 வழிகளால் உலகைப் படைத்தான் என்கிறது. செபிரோத் என்பவை பிற்கால விளக்கத்தில் இறைமை வெளிப்படும் பத்து நிலைகளாயின. 1240ஆம் ஆண்டில் ஸ்பெயினில் பிறந்த ஆபிரகாம் அபுலாபியா இவ்வெழுத்துக்களைத் தியானத்தின் கருவியாக்கி, இறைநாமத்தின் எழுத்துக்களை மாற்றி மாற்றிக் கோத்து உச்சரிக்கும்போது மூச்சும் தலையசைவும் உயிரொலியோடு இணையவேண்டும் என வகுத்தார். ‘ஓ’ என்ற ஒலிக்குத் தலை மேல்நோக்கி மெல்ல எழ, ‘இ’ என்ற ஒலிக்குக் கீழ்நோக்கித் தாழவேண்டும் என்பது போன்ற அவருடைய நுண்ணிய விதிகள், நியாசமும் பிராணாயாமமும் பயின்றவர்களுக்கு எளிதில் விளங்கும்.

ஹெர்மெட்டிக் மரபு என்பது ஹெர்மிஸ் திரிஸ்மெகிஸ்தஸ் என்ற தொன்ம ஞானியின் பெயரில் வழங்கிய கிரேக்க நூல்களை முதலாகக் கொண்டது. 1486இல் தம் 900 கருத்துரைகளை வெளியிட்ட பிக்கோ தெல்லா மிராண்டோலா போன்ற இத்தாலிய மறுமலர்ச்சி அறிஞர்கள் வழியாகக் கப்பாலா இதனோடு கலந்தது. 1888இல் இலண்டனில் தோன்றிய ‘கோல்டன் டோன்’ என்ற மறைச்சங்கம் இக்கலப்பை ஒரு பாடத்திட்டமாகவே மாற்றி, கீழேயுள்ள மல்குத் தொடங்கி மேலே செல்லும் செபிரோத்துக்களின் மீது தன் உறுப்பினரின் படிநிலைகளை ஏற்றி அமைத்தது. செக் நாட்டவரான பிரான்ஸ் பார்டன் (1909–1958) சங்கத்தையும் சடங்கையும் விட்டு, தனித்திருந்து பயில்வோருக்காக 1956இல் பத்துப் படிகள் கொண்ட பயிற்சிநூலொன்றை எழுதினார். அதில் ஒவ்வொரு படியும் மனம், ஆன்மா, உடல் என மூன்று கூறாக நடக்கிறது. அடுத்த ஆண்டில் வெளிவந்த கப்பாலா பற்றிய அவருடைய நூலோ முதல் நூலின் பயிற்சி கைவந்தவர்களுக்கே உரியது. கோல்டன் டோனில் கப்பாலா முதல் நாளிலிருந்தே வரைபடமாக விளங்க, பார்டனிடம் அது நெடும்பயிற்சியின் பின்னரே கையிலெடுக்கத்தக்க எழுத்து வித்தையாகிறது. அவ்வித்தையில் ஒவ்வோர் எழுத்தும் நிறமாகக் காணப்பட்டு, சுரமாகக் கேட்கப்பட்டு, உடலில் ஒரு குறித்த உணர்வாக அனுபவிக்கப்படவேண்டும்.

பார்டனின் பயிற்சியில் மாணவன் பூதங்களை மூச்சோடு உள்ளிழுத்துத் தேக்கி, பின்னர் உடலின் பகுதிகளில் நிறுத்தப் பழகுகிறான். தலையில் தீ, மார்பில் காற்று, வயிற்றில் நீர், அதற்குக் கீழே பாதம் வரை நிலம் என்பதே வரிசை. இதன் மேல் மூன்றும் ‘செபர் யெட்சிரா’வில் அப்படியே உள்ளன: தாயெழுத்துக்கள் எனப்படும் ஷின், அலெப், மெம் ஆகியவை முறையே தீயாகத் தலையிலும், காற்றாக மார்பிலும், நீராக வயிற்றிலும் நிற்பதாக அந்நூல் கூறுகிறது. பார்டனின் தொடக்கப் படிகளில் கப்பாலாவின் பெயர் பெரிதாக ஒலிக்காவிட்டாலும், அதன் எலும்புக்கூடு அங்கேயே கிடக்கிறது.

சைவத்தின் பூதசுத்தி வேறு வரிசையைக் கொண்டது. எல்லைகள் நூலுக்கு நூல் சற்று மாறினும், பாதம் முதல் முழங்கால் வரை நிலம், அதன்மேல் நாபி வரை நீர், கழுத்து வரை தீ, புருவம் வரை காற்று, உச்சியில் ஆகாயம் என்பதே பெருவழக்கு. நிவிர்த்தி, பிரதிட்டை, வித்தை, சாந்தி, சாந்தியதீதை என்னும் ஐந்து கலைகளும் இவ்விடங்களிலேயே வைத்து எண்ணப்படும். இங்கே தீ காற்றுக்குக் கீழே நிற்கிறது. தத்துவங்கள் நுண்மையிலிருந்து பருமைக்கு இறங்கிய முறையை உடலில் வைத்துத் திரும்ப ஏறுவதே இதன் நோக்கமாதலால், ஒவ்வொரு பூதமும் தன் காரணத்தில் ஒடுக்கப்படுகிறது. பார்டனிடம் பூதம் தேக்கப்பட்டு ஆளப்படுவது. சைவத்தில் அது கடக்கப்படுவது. ஒன்றன் அட்டவணையை மற்றொன்றின் மேல் வைக்கும் நூல்கள், 1909இல் வெளிவந்த ஆங்கில மந்திரவாதி குரோலியின் ‘777’ உட்பட, இந்த வேறுபாட்டைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. ஆறு ஆதாரங்களையும் உச்சியையும் பத்துச் செபிரோத்துக்களோடு பொருத்த முனைவோர் சிலவற்றை இரட்டையாகச் சேர்த்து எண்ணவேண்டியிருப்பதும் பொருத்தத்தின் செயற்கையைக் காட்டும்.

எனினும் உண்மையான கடன் வாங்கலும் நடந்திருக்கிறது, அதற்குப் பாலமாயிருந்தது பிரம்மஞான சபை. அச்சபையைச் சேர்ந்த ராம பிரசாத் 1890இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சுரநூல் விளக்கத்திலிருந்து கோல்டன் டோன் ஐந்து தத்துவ அட்டைகளை ஆக்கிக்கொண்டது: மஞ்சள் சதுரம் நிலம், வெள்ளிப்பிறை நீர், செம்முக்கோணம் தீ, நீல வட்டம் காற்று, கருநீல முட்டை ஆகாயம். மாணவன் அட்டையை உற்று நோக்கியபின் வெள்ளைப் பரப்பில் கண்ணைத் திருப்பினால் எதிர்நிறம் மிதந்து தோன்றும். அதனை வாயிலாகப் பாவித்து உட்புகுவதே பயிற்சி. 13ஆம் நூற்றாண்டில் திருவதிகை மனவாசகங்கடந்தார் இயற்றிய ‘உண்மை விளக்கம்’ அறிந்தவர்கள் இவ்வட்டைகளில் பழைய உறவினரைக் காண்பர். அதில் நிலம் பொன்னிற நாற்கோணம், நீர் வெண்ணிறப் பாதிமதி, தீ செந்நிற முக்கோணம். ஆனால் காற்று கருநிற அறுகோணமாகவும் ஆகாயம் புகைநிற வட்டமாகவும் உள்ளன. மூன்று பொருந்தி இரண்டு பிரிவதால், இலண்டன் அட்டைகள் தமிழ்ச் சாத்திரத்திலிருந்து நேரே சென்றவையல்ல என்பதும், இரண்டும் ஒரே பெரிய தாந்திரிகக் குடும்பத்தின் வெவ்வேறு கிளைகள் என்பதும் புலப்படும்.

படி ஏற்றுபவர் யார் என்பதிலும் இம்மரபுகள் பிரிகின்றன. கோல்டன் டோனின் முதற் சடங்கில் புதியவரின் கண் கட்டப்பட்டு இடையில் கயிறு மூன்று முறை சுற்றப்படும். அக்கயிறு தளையின் குறி. நிர்வாண தீட்சையில், 12ஆம் நூற்றாண்டு அகோரசிவாசாரியரின் பத்ததி வழிநின்று, சீடனின் குடுமியிலிருந்து காற்பெருவிரல் வரை பாசசூத்திரம் என்னும் நூல் தொங்கவிடப்படுகிறது. மந்திரம், பதம், வர்ணம், புவனம், தத்துவம், கலை என்னும் ஆறு அத்துவாக்களும் அந்நூலில் ஏற்றிப் பாவிக்கப்பட்டபின், குரு கலை கலையாக அதனை அறுத்து ஓமத்தீயில் இடுகிறார். சீடன் செய்ய வேண்டியது மிகக் குறைவு. குருவின் வழியாகச் சிவனே செய்கிறான் என்பது கொள்கை. பார்டனின் மாணவனோ தன் குறைகளைக் குறிப்பேட்டில் பூதவாரியாகப் பட்டியலிட்டு, தானே தன்னைச் சோதித்து, அடுத்த படிக்குத் தகுதி வந்ததா எனத் தானே தீர்மானிக்கிறான். இந்தச் சுமை அச்சுப் புத்தக யுகத்துக்குரியது.

அச்சுவேலியிலிருந்து வடக்கே செல்லும் வீதி முடியும் தொண்டைமானாற்றில், செல்வச்சந்நிதி முருகன் கோயிலை அடுத்து, யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமிகளின் சீடரான ஜேர்மன் சுவாமி கௌரிபாலா ஆசிரமம் அமைத்து வாழ்ந்தார். பௌத்தத் துறவியாக இலங்கைக்கு வந்த அவர், ஐரோப்பாவில் நூல்களின் வழியே தேடப்பட்டது இங்கே ஒரு குருவின் முன்னிலையில் கிடைக்கும் என்று நம்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். பார்டனின் படிகளில் பூதப் பயிற்சி மாதக்கணக்கில் பயிலப்பட, பூதசுத்தியோ அதே வீதியோரக் கோயில்களில் பூசைக்கு அமரும் குருக்களுக்கு ஒவ்வொரு நாளும் அர்ச்சனைக்கு முன் முடிக்கவேண்டிய ஆயத்தக் கிரியையாகவே இருந்து வருகிறது. அது முடிந்தபின்பே அவர் இலிங்கத்தைத் தொடலாம்.